வண்டி இழுக்கலையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் படியுங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 97 மாடல் மாருதி 800. மேம்பாலம் ஏறவே செகண்ட் கியர் கேட்கிறது. ‘இன்ஜின் இறங்கிவிட்டது, ரீபோர் செய்யணும்’ என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா? – வாசகர், திண்டுக்கல்

அவசரப்படாதீர்கள். ரீபோர் என்றால் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குவது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்த்தாரா என்று கேளுங்கள். கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்க்காமல் ரீபோர் பேச்சையே எடுக்கக் கூடாது.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டரிலும் 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டி, ஒன்றுக்கொன்று 15க்குள் வித்தியாசம் இருந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஒன்றில் மட்டும் குறைந்தால், அந்த பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு வால்விலோ, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோதான். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.

கம்ப்ரெஷன் சரி என்றால், நான் முதலில் கை வைப்பது ஆக்ஸிலரேட்டர் கேபிளில். ஒருவரை உள்ளே உட்கார்ந்து முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கேபிள் மாட்டியிருக்கும் லீவரை விரலால் தள்ளிப் பாருங்கள். இன்னும் நகர்கிறதா? கேபிள் தளர்ந்துவிட்டது, இத்தனை நாளாக முக்கால் ஆக்ஸிலரேட்டரில்தான் ஓட்டியிருக்கிறீர்கள். ரீபோர் முடிந்த பிறகும் இழுக்கவில்லை என்று என்னிடம் வந்த ஒரு வண்டியில் இது மட்டும்தான் குறை. அந்தக் குடும்பம் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்து, பிளக்குகளுக்கு கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வாக்குவம் ஹோஸ். கார்புரேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) நன்றாக இருக்கிறது. காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. வண்டி மந்தமாகும், பெட்ரோலும் குடிக்கும்.

கேள்வி: 2010 ஸ்விஃப்ட் டீசல். 2,000 ஆர்பிஎம் தாண்டினாலும் பிக்கப் வருவதில்லை. மிதித்தால் ‘உஸ்’ என்ற சத்தம், பின்னால் கரும்புகை. டர்போ போய்விட்டதா? – வாசகர், மதுரை

டர்போ அமுக்கி அனுப்பும் காற்று வழியிலேயே கசிகிறது என்பதற்கான அடையாளம் இது. காற்று குறைவதால் டீசல் முழுசாக எரியாமல் புகையாகிறது. அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெடிப்பு, அல்லது கிளாம்ப் தளர்வு. டேப் சுற்றாதீர்கள், நிற்காது, ஹோஸையே மாற்றுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் டர்போவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. – வாசகர், கடலூர்

காலியான சாலையில் டாப் கியரில் 40-ல் போகும்போது முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

கேள்வி: அப்பாவின் கார் எட்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது எடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது. – வாசகி, தஞ்சாவூர்

பிரேக் ஜாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். எது அனலடிக்கிறதோ அதை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றச் சொல்லுங்கள். முன்சக்கரம் என்றால் பெரும்பாலும், பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் பின் துருப்பிடித்திருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், தாயே. சூடேறிய பிரேக் அவசரத்துக்குப் பிடிக்காது.

கேள்வி: கீழே நன்றாக ஓடும் என் பழைய கார்புரேட்டர் வண்டி ஊட்டியில் மட்டும் திணறுகிறது. – வாசகர், மேட்டுப்பாளையம்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று அங்கே மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஏசியை அணைத்து, ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். அங்கே வைத்து கார்புரேட்டரை ட்யூன் செய்ய மட்டும் விடாதீர்கள்; கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும்.