வார்சாவில் போஸ்டர் தேடும் தம்பிக்கு

அக்டோபரில் வார்சாவுக்குப் படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, குளிர், சாப்பாடு பற்றிக் கேட்டுவிட்டு, கம்யூனிஸ்ட் காலத்துப் போலந்து போஸ்டர் ஒன்று அசலாகக் கிடைக்குமா என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அரிசி எங்கும் கிடைக்கிறது. மற்றதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் நான் பட்டவன்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே சந்தையில் ஒரு சர்க்கஸ் போஸ்டர் வாங்கினேன். ஒரு புலி, அதன் கீழே 'சிர்க்' என்ற ஒற்றைச் சொல். "அறுபதுகளின் அசல்" என்றார் விற்றவர். ஒரு மாத மளிகைப் பணம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி தாளை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்: "அந்தக் காலத்தில் இவ்வளவு வெள்ளைத் தாள் எங்களுக்கு ஏது?"

ஆகவே முதலில் தாளைப் பாருங்கள். அக்கால அசல் பலவற்றில், ஓரத்தில் பொடி எழுத்தில் 'வாக்' என்ற அரசுப் பதிப்பகத்தின் பெயரும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கும். நகல் எடுப்பவர்கள் அந்த ஓரத்தையும் சேர்த்தே எடுக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மறு அச்சு என்று சொல்லியே விற்கும் நேர்மையான கடைகளும் உண்டு. அங்கே வாங்குவதில் வெட்கமில்லை.

இன்னொரு சரக்கையும் உங்களிடம் விற்பார்கள். முட்டாள் தணிக்கையாளர்களை ஏமாற்றி ஓவியர்கள் ரகசியமாகப் புரட்சி செய்த கதை அது. மிஷா தெருவில் தணிக்கை அலுவலகம் இருந்தது உண்மை, மிஷா என்றால் எலித் தெரு என்பதும் உண்மை. ஆனால் டொமாஷெவ்ஸ்கி, லெனிட்சா, ஷ்வியெஜி போன்ற பேர்பெற்ற போஸ்டர் ஓவியர்களுக்குக் கூலி கொடுத்ததும் அதே அரசுதான். சினிமாப் பட விநியோகம் முழுவதும் அரசின் கையில் இருந்ததால், நட்சத்திரத்தின் முகத்தைப் போட்டு டிக்கெட் விற்கும் கட்டாயம் இல்லை. 1973இல் 'கபரே' என்ற ஹாலிவுட் படத்தின் போஸ்டருக்கு ஓவியர் விக்டர் குர்கா, நடன மங்கையின் கால்களாலேயே நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தை அமைத்து வரைந்தார். எந்த ஹாலிவுட் கம்பெனி அதற்குச் சம்மதித்திருக்கும்? அதற்காக அந்த ஆட்சியைப் புகழ்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இதே சுவர்களில் சுத்தியலோடு நிற்கும் தொழிலாளிகளும் டிராக்டர்களும்தான். ரோமான் செஷ்லெவிச் என்ற போஸ்டர் ஓவியர் 1963இல் பாரிசுக்கே போய்விட்டார்.

பஸ் ஏறி, வார்சாவிலேயே அரண்மனை உள்ள விலானூ பகுதிக்குப் போங்கள். அரண்மனையின் பழைய குதிரைப் பயிற்சிக் கூடத்தில் 1968இல் திறந்த போஸ்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. பத்து வருடமாக இந்நகரில் இருந்தும் அதன் வாசலை மிதிக்காத நம்மவர்களை எனக்குத் தெரியும். வாரக் கடைசி பிரியாணிக்கு மட்டும் நகரின் மறுகோடி வரை வருவார்கள். போலிஷ் கடினம் என்பார்கள். எனக்கு அந்த மொழி வந்ததே போஸ்டர்களிலிருந்துதான், அதுவும் ஒரு சொல் ஒரு சொல்லாக.

பாட்டி ஒரு நாள் சமையலறை இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை எடுத்து வைத்தார். அடியில் விரித்திருந்தது ஒரு சர்க்கஸ் போஸ்டர். பழுப்பேறி, எண்ணெய்க் கறையோடு. வேலியில் பசை காயும் முன் உரித்து வந்ததாம். விலைக்குக் கேட்டேன். "இழுப்பறைக்கு என்ன விரிப்பது?" என்றார்.

என் புலி இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது. வருகிற நம்மவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.