கவிஞர் ஒருவர் தன் வீட்டாரைப் பென்சிலால் வரைந்த படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

எனக்கு இரண்டு. ஒன்று லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது, மற்றது யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுவரில்.

முதலாவது, ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1805 அளவில் மனைவி கேத்தரினைக் கீறியது. தலை குனிந்து தன்பாட்டில் இருக்கிற ஒரு பெண், அவ்வளவுதான். 1782இல் கலியாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டவர் அவர். பிறகு கணவனிடமே எழுத்துப் பழகி, அவருடைய அச்சுப் பிரதிகளுக்கு நிறம் தீட்டவும் கைகொடுத்தார். அந்தப் படத்தின் தாள் ஏற்கெனவே அச்சடித்த பக்கம் ஒன்று. அதன் பின்புறத்தில்தான் கேத்தரின் இருக்கிறார். அது தெரிந்த அன்றுதான் எங்கள் வீட்டுப் படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.

அது என் அம்மம்மா. கீறியது மாமா. கோயில் திருவிழாக் கவியரங்குகளில் ஏறுகிற அளவுக்குக் கவிஞர், படம் கீறப் பழகியவரல்ல. 1993ஆம் ஆண்டு. யுத்தம், பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுத்தான் விளக்கு. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். மாமாவுக்குக் கிடைத்தது, தான் எழுதி வெட்டிப்போட்ட கவிதை ஒன்றின் பின்பக்கம். கவிதை சுமார்தான், வெட்டியது நியாயம்.

அம்மம்மா முற்றத்தில் இருந்து சார்வோலையில் பெட்டி இழைக்கிறா. முகத்தை விட விரல்கள்தான் நன்றாக வந்திருக்கின்றன. ஓலையை மடக்கிப் பிடிக்கிற பெருவிரலில் நகம் பிளந்திருப்பது கூடத் தெரியும். ஒரு காது மற்றதை விடப் பெரிசு. இரண்டிலும் தோடு. அந்த நேரம் தோடு அடைவில் இருந்தது.

"காதில இல்லாததை ஏன்ரா கீறினனீ?" என்று அம்மம்மா கேட்டாவாம்.

"அடுத்த மாசம் மீட்டுத் தாறன் அம்மா."

மீட்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா இந்தத் தாளை அடையாள அட்டைகளோடு மடித்து வைத்துக்கொண்டு போனா. அல்பம் வீட்டோடு போய்விட்டது. ஆகவே அம்மம்மாவுக்கு எங்களிடம் இருக்கிற ஒரே முகம் இதுதான், இல்லாத தோட்டோடு.

இடையில் ஒரு சொல்: பென்சில் படம் வெயிலில் சாயம் போகாது, ஆனால் உரசினால் மங்கிவிடும். கண்ணாடி போட்டால் தாளில் முட்டாமல் சுற்றிவர மட்டை வையுங்கள். லமினேட் மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் செய்து, நாடியடியில் ஒரு காற்றுக் கொப்புளம் நிற்கிறது.

பிளேக் 1827இல் சாகக் கிடந்த கட்டிலிலும் கேத்தரினைக் கீறினார் என்று பழக்கமானவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் மிஞ்சவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். சுவரைப் பார்த்துவிட்டு, "அந்தக் காதைத் திருத்தியிருக்கலாம்" என்றார்.