மேசைக்கு அடியில் ஒரு பாட்டில்: இரவு உணவகம் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணாச்சி, நெல்லை வண்ணார்பேட்டையில் புரோட்டாக் கடை நடத்துகிறேன். நள்ளிரவு தாண்டியும் கல் சூடாகவே இருக்கும். பத்து மணிக்கு டாஸ்மாக் அடைத்த பிறகு வருகிறவர்களில் சிலர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள். நான் விற்கவில்லை, அதில் எனக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லை. என்மீது குற்றம் வருமா?

பதில்: வரும். நம் மாநிலத்தில் இன்றும் நடப்பில் இருப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். அதன்படி மதுவுக்குத் தடை என்பதே பொது விதி. உரிமம் பெற்ற கடையில் விற்பதும் உரிமம் பெற்ற இடத்தில் அருந்துவதும் அந்த விதிக்கு அரசு அளித்திருக்கும் தளர்வுகள். ஆகவே, உரிமம் இல்லாத உணவகத்தில் ஒருவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, உரிமையாளர் விற்றாரா என்று கேட்பதற்கு முன்னால், தம் பொறுப்பில் உள்ள இடத்தில் அதற்கு இடம் கொடுத்தாரா என்றுதான் சட்டம் கேட்கும். கண்டும் காணாமல் இருந்தேன் என்பது அங்கே விடையாகாது.

வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசையின் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டு சோடா, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஆம்லெட், ஒரு கலக்கி, கடைசியில்தான் புரோட்டா என்று இருந்தால், மது விற்காமலே மதுக்கூடத்தின் வியாபாரத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே சோதனைக்கு வரும் அலுவலர் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வாசலில் அறிவிப்புப் பலகை மாட்டுவது தேவை, ஆனால் போதாது. பலகையைப் படித்துவிட்டு யாரும் பாட்டிலை மடியில் இருந்து எடுக்காமல் இருந்ததில்லை. உங்கள் பரிமாறுபவருக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு செயல்: மூலை மேசையில் உட்கார்ந்தவுடன் சாப்பாடு எதுவும் சொல்லாமல் ‘வெறும் டம்ளர் ரெண்டு’ என்று கேட்டால், டம்ளரை வைக்காமல் அங்கேயே நின்று, “அண்ணாச்சி, இங்க அதுக்கு அனுமதி இல்ல, சாப்பாடு என்ன சொல்லட்டும்?” என்று கேட்டுவிட வேண்டும். முதல் டம்ளர் மேசைக்குப் போன பிறகு மறுப்பது கடினம். போவதற்கு முன் மறுப்பது எளிது. குளிர்பான பாட்டிலில் ஏற்கெனவே கலந்து கொண்டுவருகிறவர்கள் தனி ரகம். அதைக் கண்டுபிடிக்க மூக்கு இருந்தால் போதும்.

கேள்வி: அப்படியானால் முறையாக உரிமம் வாங்கிவிட்டால் என்ன? மேலப்பாளையம் பக்கம் உணவகம் தொடங்கும் எண்ணத்தில் இருக்கிறேன்.

பதில்: தனி உணவகத்துக்குத் தமிழ்நாட்டில் அந்த வழி இல்லை. 2003ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் உரிம விதிகளின்கீழ் உறுப்பினர் மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திரத் தகுதி பெற்ற தங்கும் விடுதிகளுக்கு எஃப்.எல்.3 என்ற வகையில் உரிமம் உண்டு. பக்கத்து மாநிலங்களில் இருப்பதைப் பார்த்து இங்கும் கிடைக்கும் என்று சொல்லும் இடைத்தரகரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நட்சத்திர விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போதை ஏறியவரிடம் ‘போதும்’ என்று சொன்னால், காசு கொடுக்கிறேன், ஊற்று என்று சண்டைக்கு வருகிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது, எப்படி நிறுத்துவது?

பதில்: முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், நிறுத்தும் துணிவு அதிலிருந்துதான் வரும். நம் ஊர் பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் 42.8 சதவீதச் செறிவுள்ளவை. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில், ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடல் அதை ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்த ஒரே ஒரு லார்ஜ், 70 கிலோ எடையுள்ளவரை அந்த எல்லைக்கு மேல் கொண்டுபோய்விடக்கூடும். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, முழுவதும் குடித்தவருக்கு, இரவு பதினொரு மணிக்கு முடித்தாலும், விடிகிற வரை உடலில் மிச்சம் இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ‘நாலு புரோட்டா உள்ளே போனால் இறங்கிவிடும்’ என்பதும் வெறும் ஆறுதல்தான். குடிப்பதற்கு முன்னால் சாப்பிட்டால் ஏறும் வேகம் குறையும், ஏறிய பிறகு சாப்பிட்டு இறக்க முடியாது.

ஆகவே நான்காவது லார்ஜில் விழித்துக்கொள்வது தாமதம். இரண்டாவதிலேயே, கேட்காமலே தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுப் பட்டியலை நீட்டுங்கள், ஊற்றும் இடைவெளியைக் கூட்டுங்கள். குரல் உயர்வது, பக்கத்து மேசைக்காரரை வலியப் பேச்சுக்கு இழுப்பது, பணத்தை இரண்டு முறை எண்ணியும் தவறுவது ஆகியவை தள்ளாட்டத்துக்கு முந்திய அடையாளங்கள்.

மறுக்கும்போது நண்பர்கள் முன்னிலையில் மறுக்காதீர்கள். சண்டைகளில் பாதி, மது மறுக்கப்பட்டதால் அல்ல, மானம் போனதால் வருகிறவை. கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவரைத் தனியே அழைத்து, “அண்ணனை நீங்கதான் வீட்டில் சேர்க்கணும்” என்று பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நெல்லைக்காரர் யாரும் அந்தப் பொறுப்பைத் தட்டிவிட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் முதலாளியிடமும் முன்கூட்டியே ஒன்றைப் பேசி முடித்திருக்க வேண்டும்: நீங்கள் நிறுத்தியதை அவர் தொலைபேசியில் ஒரு வார்த்தையில் மாற்றக் கூடாது. அப்படி ஒருமுறை மாற்றிவிட்டால், அதன் பிறகு உங்கள் சொல்லை அந்த மதுக்கூடத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

வண்டிச் சாவி இன்னொரு விஷயம். சாவியைப் பிடுங்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வண்டி நிறுத்துமிடக் காவலர் ஆட்டோ ஓட்டுநர்கள் சிலரின் எண்களை வைத்திருப்பதும், இரவு முழுவதும் வண்டியைக் கட்டணமின்றி விட்டுச்செல்ல அனுமதிப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. கதவைத் தாண்டினால் மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை. முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்பதை எடுத்துச் சொன்னால், விபத்துக்கு அஞ்சாதவரும் பணத்துக்கு அஞ்சுவார்.

21 வயது நிரம்பாதவர் என்று ஐயம் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். திருமண விருந்துக் கூட்டத்தோடு வந்த தம்பி என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய உணவகத்தில் நள்ளிரவு வரை பாட்டும் குடியும் கூச்சலும். எழுபது வயதில் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்: பாட்டும் குடியும் வெவ்வேறு புகார்கள், அம்மா, இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டுமே நகராது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; அது காவல் நிலையத்துக்கான புகார். உரிமமின்றிக் குடிக்க இடம் கொடுப்பதை மதுவிலக்குப் புகார்களுக்கான 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அழைப்பதற்கு முன் ஒரு வாரம், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்திலாவது குறித்து வையுங்கள். ‘தினமும் தொல்லை’ என்று சொல்வதைவிட, ‘வெள்ளிக்கிழமை 12.40 மணி’ என்று சொல்வதற்கே அலுவலர் பேனாவை எடுப்பார்.