சிங்கப்பூரில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்டிப்போய் ஆற்றுக் குப்பையை எடுப்பது வீண் வேலைதானே?

"இங்கே ஆறு ஏது, எல்லாம் கால்வாய், சுத்தம் செய்ய ஆள் இருக்கும்போது இதெல்லாம் ஃபோட்டோவுக்குத்தானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். காவிரிக்கரையிலிருந்து வந்தவர் போல. அந்தக் கண்ணுக்கு 10 கிலோமீட்டர் காலாங் ஆறு வாய்க்கால்தான், சண்டைக்கு வரவில்லை. ஃபோட்டோ என்றதுதான் சுட்டது.

2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு, அந்த ஆறு போய்ச் சேரும் அகன்ற நீர்ப்பரப்பான காலாங் பேசினும் குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தீவில் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அந்தத் தேக்கத்தில்தான் சேர்கிறது. தோ பாயோ வட்டாரக் கோப்பிக்கடை வாசலில் விழுந்த டிஷ்யூவும் சிகரெட் துண்டும் அடைமழை பெய்தால் சாக்கடை வழியே வந்துவிடும்.

துப்புரவுப் படகுகள் நன்றாகவே வேலை செய்கின்றன. (ஊழியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) ஆனால் கரையோரக் கல்லிடுக்கில், நாணல் அடியில், ஆழமில்லாத இடத்தில் படகு நுழையாது. கயாக் நுழையும். இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் இடுக்கியோடு பக்கவாட்டில் சாய்வார். பின்னால் இருக்கும் நான் துடுப்பைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து அழுத்தி, கவிழாமல் பார்த்துக்கொள்வேன். முதலில் தேடுவது வெள்ளை ஃபோம் சாப்பாட்டுப் பெட்டியைத்தான். வெயிலில் நொறுங்கினால் ஜவ்வரிசி மாதிரி சிதறிவிடும், பிறகு யாராலும் அள்ள முடியாது. பபிள் டீ கோப்பை, ஒற்றைச் செருப்பு, நூல் அறுக்காத பூமாலைகூட எடுத்திருக்கிறோம். மாலையைச் சொன்னதற்கு மதத்தை இழுக்காதீர்கள், நானும் மாலை போடுகிறவன்தான்.

எங்கள் அத்தானும் உங்களைப் போலத்தான். "பட்டம் வாங்கிட்டு குப்பை பொறுக்குறான்" என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டார்.

சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பேசினையும் சுத்தப்படுத்த 1977இலிருந்து 1987வரை ஆனது. பன்றிப் பண்ணைகள், நடைபாதைக் கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் இடம் மாறின. இன்று அங்கே நீர்நாய் குடும்பத்தோடு நீந்துகிறது. அந்த வேலையோடு எங்கள் கோணிப்பையை ஒப்பிடவில்லை.

சந்தேகமிருந்தால் வந்து பாருங்கள். 1998இலிருந்து இயங்கும் வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி என்ற நீர்நிலைப் பாதுகாப்பு அமைப்பில் தொண்டூழியர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் கரையேற வேண்டியதுதான்.