தம்பியின் முட்டிக்கு யார் பொறுப்பு?

ஆட்டக்களம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இரண்டு சீசன் ஒரு தொழில்முறை கபடி லீக்கில் ரைடராக ஆடினான். போன வருடம் ரெய்டு போனபோது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். உதறித் திரும்பியதில் வலது முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செலவை அணி கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் போனை எடுப்பதில்லை. அடுத்த ஏலத்தில் யாரும் அவனை எடுக்கவில்லை. இப்போது படி இறங்கினால் முட்டி விலகுகிறது. சம்மணம் போட முடியவில்லை. கம்பெனி வேலைக்குப் போனால் எட்டு மணி நேரம் நிற்கச் சொல்கிறார்கள். "ஆடப்போகும்போதே அடிபடும்னு தெரியாதா? இப்ப யாரைக் குத்தம் சொல்றது?" என்கிறார் அப்பா. லீக்குக்குப் பொறுப்பே இல்லையா சார்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அப்பா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது அம்மா. காலைப் பிடிப்பது கபடியின் விதி. தம்பியைப் பிடித்த பையன்மேல் குற்றமில்லை. அந்தப் பிடியை முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் தெரிந்தே போனவன்தானே என்று அடிபட்டவனை அம்போவென்று விட்டுவிடலாம் என்றால், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் தாத்தா சொல்தா. புதுச்சேரியில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. கடலூர்ப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், இடது காலில் குண்டுச்சிதறல் பாய்ந்து, கடைசிவரை காலை இழுத்துத்தான் நடந்தார். சண்டைக்குப் போனால் சுடுவார்கள் என்று தெரியாமலா கையெழுத்துப் போட்டார்? இருந்தாலும் அவர் கண்மூடும்வரை பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. பிறகு பாட்டிக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கூரையும் என் படிப்பும் அந்தப் பணத்தில் வந்தவை. "தெரிந்துதானே வந்தாய்" என்று அந்த அரசு அவரைக் கேட்கவில்லை. யாருக்காக வந்தார் என்றுதான் பார்த்தது.

நம் நாட்டிலும் 1923ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இந்த நியாயம்தான் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது வேலையால் விபத்து நடந்தால், முதலாளி தப்பு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. கடலூர் சிப்காட்டில் மிஷினில் விரல் போனவரிடம் "மிஷின் வெட்டும்னு தெரியாதா" என்று யாராவது கேட்டால் ஊரே சண்டைக்கு வரும். விளையாட்டு வீரன் என்றால் மட்டும், "அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தத்தில் ஆடுபவர்" என்று பேச்சு மாறிவிடுகிறது.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குச் சுலபமான விஷயமல்ல. பல வருடம் முன்பு உப்பளம் மைதானத்தில் பள்ளிகளுக்கான ஓர் இறுதிப் போட்டி. எங்கள் ரைடருக்கு முதல் பாதியிலேயே முட்டி வீங்கிவிட்டது. ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, "ரெண்டே ரெய்டுடா" என்று அனுப்பினேன். போனான். கோப்பை வந்தது. இன்று அவன் தேங்காய்த்திட்டில் வலை பழுதுபார்க்கிறான். தரையில் உட்கார முடியாததால் ஸ்டூல் போட்டுத்தான் வேலை. என்னைப் பார்த்தால் இப்போதும் எழுந்து நிற்கிறான். எழுந்திருக்க அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

அன்று அவன் ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்தது ஜெயிக்க ஆசைப்பட்ட நான். பதினாறு வயதுப் பையன் மாஸ்டரிடம் முடியாது என்பானா? லீக்கிலும் இதே கதைதான். டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த ஏலத்தில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் வீரனுக்கு.

அமெரிக்காவில் இது அம்பலத்துக்கு வந்தது. அங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் போட்டு மோதும் ஆட்டம். அதை நடத்தும் என்.எஃப்.எல். லீக், தலையில் படும் அடியை ஆராய 1994ல் ஒரு குழு போட்டது. குழுத் தலைவர் மூளை மருத்துவர் அல்ல, மூட்டுவாத மருத்துவர்! நீண்டகால பாதிப்புக்கு ஆதாரம் இல்லை என்றே அந்தக் குழு வருடக்கணக்காக எழுதிவந்தது. 2002ல் மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற வீரர், புத்தி தடுமாறி, வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்து, 50 வயதில் இறந்துபோனார். அவர் மூளையைச் சோதித்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர், திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த சிதைவை அதில் கண்டார். 2005ல் அவருடைய கட்டுரை வெளியானதும், அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று லீக் குழுவினர் எழுதினார்கள். பிறகு 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013ல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். அது எல்லோருக்கும் போதுமா என்று நீதிபதி கேட்டபின் இழப்பீட்டுத் தொகைக்கு இருந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆனால் தப்பு தங்களுடையது என்று மட்டும் அந்தச் சமரசத்தில் லீக் ஒப்புக்கொள்ளவில்லை.

அடிபட்டோம் என்பது மட்டும் அந்த வீரர்களின் புகார் அல்ல. லீக்குக்குத் தெரிந்ததைத் தங்களிடம் மறைத்தார்கள் என்பதுதான். தெரிந்துதான் போனான் என்று சொல்லவேண்டுமானால், முதலில் அவனிடம் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டாமா? இதை அப்பாவிடம் கேளுங்கள்.

லண்டனில் 1991ல் கிறிஸ் யூபாங்குடன் மோதிய மைக்கேல் வாட்சன் என்ற குத்துச்சண்டை வீரர் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார். மேடையருகே உடனடி உயிர்காக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடில்லை. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலும் மூளை அறுவை வசதியில்லை. குத்தியவரை அவர் குறை சொல்லவில்லை. விதிகளை வகுக்கும் குத்துச்சண்டை வாரியத்தின்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். மருத்துவ ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும் என்று முடிவெடுப்பது வாரியம், அதை நம்பித்தான் வீரன் மேடை ஏறுகிறான், ஆகவே வாரியமே பொறுப்பு என்று மேல்முறையீட்டிலும் தீர்ப்பு வந்தது. 2003ல் லண்டன் மாரத்தான் தூரத்தை அந்த மனிதர் ஆறு நாளில் நடந்து முடித்தார்.

அணியைக் கேட்காமல் லீக்கை ஏன் கேட்கவேண்டும் என்பீர்கள். அணி கைமாறும், கலைந்தும் போகும். வீரனும் ஒரே அணியில் இருப்பதில்லை. எத்தனை நாள் இடைவெளியில் ஆட்டம், எந்தத் தரையில் ஆட்டம் என்று தீர்மானிப்பதும், டி.வி. உரிமையை விற்பதும் லீக். அந்த டி.வி. பணத்தில் ஒரு பங்கை, ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் நீடித்த காயத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைக்கவேண்டும். ஆடலாமா என்று சொல்லும் டாக்டர் அணியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கவேண்டும். "முட்டி பள்ளிக்கூடத்து மண்ணிலேயே கெட்டுப்போயிருந்தது" என்று சொல்லப் பார்ப்பார்கள். கெட்டிருக்கலாம், என் கதையைத்தான் சொன்னேனே. ஆனால் சோதித்துப் பார்த்து, தகுதி உண்டு என்று எழுதி, ஏலத்தில் எடுத்தபின் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

தம்பி இப்போது செய்யவேண்டியது: ஒப்பந்தம், எம்.ஆர்.ஐ. படம், டிஸ்சார்ஜ் சம்மரி, அடிபட்ட ஆட்டத்தின் வீடியோ, மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். "சீக்கிரம் இறங்கு" என்று யாராவது அனுப்பியிருந்தால் அழிக்கவேண்டாம். எலும்பு மருத்துவரிடம் நிரந்தர ஊன சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். பஸ் விபத்து வழக்குகளில் அதை வைத்து நஷ்டஈடு கணக்குப் போடுவது கடலூரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குக்குக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்தத்தில், தகராறை கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தர் முன்தான் தீர்க்கவேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துகிறோம். "என்ன நடந்தாலும் நானே பொறுப்பு" என்று வீரர்களிடம் எழுதி வாங்கினால் போதுமா?
இளைஞர் மன்றத்தினர், வில்லியனூர்

பதில்: போதாது. அந்தத் தாள் உங்கள் கவனக்குறைவை மூடி மறைக்காது. முதல் பரிசைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தில் எல்லோருக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுங்கள். ஆம்புலன்ஸ் ஓரத்தில் நிற்கட்டும். வீங்கிய காலோடு எவனையும் இறக்காதீர்கள், கூட்டம் கத்தினாலும் சரி. ஒரு வாரம் முன்பே மண்ணைக் கிளறிக் கல் பொறுக்குங்கள். தேதியை எழுதுங்கள், கல் பொறுக்க நானும் வருகிறேன்.