புகார் கொடுத்தால் பெயர் வெளியே வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கட்டாத தடுப்புச் சுவருக்கு பில் பாஸாகியிருக்கிறது. புகார் கொடுத்தால் சட்டம் என்னைக் காப்பாற்றுமா? தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வரவேயில்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, அது உங்களுக்கு அல்ல. நெடுஞ்சாலைப் பணி முறைகேடு பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் கொல்லப்பட்டார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். கடிதமோ மேசை மேசையாகச் சுற்றியது. அதன் பிறகுதான், 2004-ல், பெயரை ரகசியமாக வைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார் வாங்கும் ஏற்பாடு வந்தது. மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் பற்றிய புகார்களுக்கு மட்டும். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை ஊழியர் அங்கே எழுதலாம். ஒரே பஸ்ஸில் போகிற உங்களுக்கு அந்தக் கதவு கிடையாது.

உங்களுக்கு லஞ்ச ஒழிப்புத் துறைதான். ஊட்டியில் கொடுப்பதைவிட சென்னைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், முடிந்தால் கோவையிலிருந்து. மலையில் தபால் ஆபீஸில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்!

பெயரை மறைத்தாலும் புகாரின் வாசகம் உங்களைக் காட்டிக்கொடுக்கலாம். எம்-புக் (பணியின் அளவுகளைப் பதியும் புத்தகம்) இரண்டே பேர் கையில்தான் இருக்கிறது என்றால், அதன் பக்க எண்ணை எழுதியவர் யாரென்று கண்டுபிடிக்க சிபிஐ தேவையில்லை. ஆகவே இடத்தையும் சுவர் இல்லாததையும் மட்டும் எழுதுங்கள். கோப்பை நகலெடுத்து வெளியே கொண்டுபோகவோ வாட்ஸ்அப்பில் போடவோ வேண்டாம்; 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளைக் காட்டி 17 பி குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு) கொடுக்க அதுவே போதும்.

என்னைக் கேட்டால், முதல் அடியை ஊர்க்காரர் ஒருவர் வைப்பது நல்லது. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் எம்-புக், பில் நகல்களைக் கேட்கலாம். பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் அதில் உண்டு. அந்த ஆவணம் வெளியே வந்துவிட்டால், அதை வைத்து யாரும் புகார் எழுதலாம்.

மொட்டைக் கடுதாசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாளை மாற்றல் வந்தால், புகாரால்தான் வந்தது என்று காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது. பெயரோடு கொடுத்திருந்தால் தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் அலுவலகத்தில் வைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் மாற்றல் செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார்த் தேதிக்கும் மாற்றல் உத்தரவின் தேதிக்கும் உள்ள இடைவெளிதான் நீதிமன்றத்தில் முதலில் பேசும். நீலகிரிக்காரர்கள் ரிட் மனு போட வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தில், அதன் மதுரைக் கிளையில் இல்லை.