முக்கூடல் அண்ணாச்சிக்கு: மகள் உளவியல் படிக்கட்டும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மகளின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க, அவளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு என்னிடம் வந்திருந்தீர்கள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போய் உட்காருகிற படிப்பாமே, நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று கேட்டபோது உங்கள் குரல் கம்மிவிட்டது. வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகப் பதில் சொன்னேன். அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் எம்.டி. படித்தவர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நாம் பார்ப்பது அவரைத்தான். உங்கள் மகள் கேட்பது அதுவல்ல, பி.எஸ்சி. உளவியல். இதற்கு நீட் கிடையாது. பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம். மனிதர் எப்படிப் பார்க்கிறார், நினைவில் வைக்கிறார், பயப்படுகிறார், பழகுகிறார் என்பதை அளந்து படிக்கிற படிப்பு இது. அளப்பது என்பதால் புள்ளியியல் கட்டாயம் வரும். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே திணறுகிறார்கள். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே என்னதான் செய்வார்கள் என்றீர்களே, ஒரு செய்முறையைச் சொல்கிறேன். பலகையில் நட்சத்திரம் அச்சடித்த தாள் இருக்கும். அது நேராகக் கண்ணில் படாதபடி ஒரு தடுப்பு, எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, பென்சிலைக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். முதல் தடவை கை சொன்ன பேச்சைக் கேட்காது. முனையில் திரும்ப வேண்டிய இடத்தில் எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். திரும்பத் திரும்பச் செய்தால் பிழை குறையும், நேரம் குறையும். வலது கையில் பழகியது இடது கைக்கும் ஓரளவு வந்துவிடும் என்பதுதான் ஆச்சரியம். வீட்டில் மதினி பேச்சுக் கொடுத்துக்கொண்டே பீடி சுற்றுகிறார்கள் அல்லவா? இலையைப் பார்க்காமலே விரல் மடித்துவிடுகிறது. அந்த விரல் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதும் உளவியல்தான். சேர்க்கைக்குப் போகும் கல்லூரியில் முதலில் இந்த ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவிகள் வைக்கும் பீரோவில் பூட்டு துருப்பிடித்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இனி வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், அண்ணாச்சி: மூன்று ஆண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உளவியலாளராக முடியாது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பட்டத்துக்குப் பின் முதுகலை இரண்டு ஆண்டு. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் அதற்கும் மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி முடித்து, அந்த கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதுவரை அது எம்.ஃபில். என்ற பெயரில் இரண்டு ஆண்டாக இருந்தது. இப்போது படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், அங்கீகாரத்தைப் பாருங்கள். மொத்தம் ஏறத்தாழ ஏழு ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மட்டும் பணம் எண்ணி வைத்துவிட்டு, பிறகு முழிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒரு பையன் வந்தான். ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு ஆலோசனை மையம் திறக்கலாம் என்று யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை அவன் என் மேசையில் விரித்துவைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இன்னொன்று: தொலைதூரக் கல்வியில் சேர்த்தால் செலவு மிச்சம் என்றீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரத்திலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. யாராவது இடம் தருகிறேன் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

ஏழு ஆண்டும் போகாமல் பட்டத்தோடு நின்றுவிட்டாலும் படித்தது வீண்போகாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம். சமூகப் பணியில் முதுகலை படித்தவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலும் போதை மீட்பு மையத்திலும் வேலை பார்க்கிறார்கள். குற்றவியலில் ஆர்வம் இருந்தால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் துறை இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சிறப்புக் கல்வியும் படிக்கலாம்; பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு தாண்டிய பள்ளிகள் உள்ள ஊர் நம் பாளையங்கோட்டை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் பட்டம் முடிக்கும்வரை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

ஆங்கிலம் வராதே என்று நீங்கள் கவலைப்பட்டது எனக்குப் புரிகிறது. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் ஆண்டு சிரமப்படுவாள். ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் டாக்டரிடம் போய் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, சோறு இறங்கவில்லை" என்கிறார். கோயில் கொடைக்கு நேர்ந்துகொள்கிறார், குறி கேட்கப் போகிறார், எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவர் சொல்வதன் பொருள் புரிந்து, முகம் சுளிக்காமல் கேட்க, இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை வேண்டும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். படித்து, சம்பாதித்து, நாலு பேர் துயரத்தைக் கேட்கத் தெரிந்த பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டுக்கு நீங்களே அவளைக் கொடுக்கமாட்டீர்கள்.

அன்று நீங்கள் பேசியதை அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துக் குச்சி போலாக்கிவிட்டாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் என்னோடு பேசட்டும். பிறகு நாம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஏழு ஆண்டுச் செலவைத் தாளில் எழுதிப் பார்ப்போம். மதிப்பெண் சான்றிதழின் நகலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.